தோமையாரும் வருகைப் பதிவேடும்

ஜூலை 3 வந்தால் எங்கள் பென்ஷனர்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் தவறாமல் வந்துவிடும். அன்று புனித தோமையார் திருநாள். "கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் வந்து இறங்கினார், 72-இல் மயிலாப்பூரில் உயிர்விட்டார்" என்று ஒன்று. "அப்படி ஒருவர் வரவே இல்லை, எல்லாம் போர்ச்சுக்கீசியர் கட்டிய கதை" என்று இன்னொன்று. பிறகு இரண்டு நாள் ரகளைதான். இரண்டு கட்சியிலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் எந்தக் கட்சியும் இல்லை.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பாதவனை அங்கே 'சேன் தொமா மாதிரி ஆள்' என்பார்கள். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தில் விரல் விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமா சொன்னதால் வந்த பேச்சு அது. பாவம், அந்த ஒன்றே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. யோவான் சுவிசேஷத்தில் அதற்கு முன்பே இரண்டு இடங்களில் அவர் வாய் திறக்கிறார். லாசருவின் ஊருக்குப் போனால் கல்லடிதான் என்று மற்ற சீடர்கள் தயங்கியபோது, நாமும் போய் அவரோடு சாவோம் என்றவர் இவர். கடைசி இரவில், நீர் போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்டவரும் இவர்தான். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் மனுஷர். ஆபீசில் இப்படி ஒருவர் இருந்தால் மேலதிகாரிக்குப் பிடிக்காது. ஆனால் ஃபைல் ஒழுங்காக நகரும்.

அவர் இந்தியா வந்ததாகச் சொல்லும் பழைய ஏடு 'தோமாவின் பணிகள்'. மூன்றாம் நூற்றாண்டில் எடெசா நகரப் பக்கம் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது. அதில் வரும் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோண்டபோரஸ் என்ற அரசன் அரண்மனை கட்ட ஆள் தேடுகிறான். ஹப்பான் என்ற வியாபாரி தோமாவை அடிமையாக விலைக்கு வாங்கிக் கூட்டி வருகிறான். அரசன் கொடுத்த பணத்தையெல்லாம் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்றால், பரலோகத்தில் எழும்பியிருக்கிறது என்கிறார். ஆளைச் சிறையில் போட்டாயிற்று. அப்போது செத்துப்போன அரசன் தம்பி உயிரோடு எழுந்து வந்து, அந்த அரண்மனையைப் பார்த்துவிட்டேன், அதை எனக்கு விலைக்குக் கொடு என்று அண்ணனிடம் கேட்கிறான்! நம் காலமாக இருந்தால் ஆடிட்காரர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

வெறும் கதை என்று தள்ளவும் முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த அரசன் பெயர் பொறித்த நாணயங்களே கிடைத்தன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கே, தட்சசீலம் பக்கம். அங்கிருந்து மயிலாப்பூர் வரை உள்ள தூரத்தை அந்த நாணயம் அடைக்காது.

போர்ச்சுக்கீசியர் கட்டிய கதை என்பதும் நிற்காது. அவர்கள் வருவதற்கு இருநூறு வருடம் முன்பே மார்க்கோ போலோ இந்தக் கடற்கரையில் தோமாவின் சமாதியைப் பற்றி எழுதிவிட்டார். கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே போவார்கள், அங்கே எடுக்கும் சிவப்பு மண்ணைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்கள் என்கிறார். அவர் கேட்ட கதையில், மயிலைக் குறிவைத்த ஒருவன் அம்பு தவறித் தோமா மேல் பட்டுவிடுகிறது. சிரியாக் ஏட்டிலோ அரசன் ஆணைப்படி ஈட்டியால் குத்துகிறார்கள். பரங்கிமலையில் 1547-இல் கிடைத்த கற்சிலுவையில் இருப்பது பஹ்லவி எழுத்து, அதாவது பழைய பாரசீகம்.

எலும்பு விஷயம் இன்னொரு சிக்கல். அவை எடெசா போய், பிறகு 1258-இல் இத்தாலியில் ஓர்த்தோனா போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் தபால் துறைக்கு இதில் குழப்பமே இல்லை. 1964-இல் ஓர்த்தோனா சிலையைப் போட்டு ஒரு தபால்தலை, 1973-இல் பரங்கிமலைச் சிலுவையைப் போட்டு இன்னொன்று. இரண்டாவதைக் கவுண்டரில் உட்கார்ந்து நானே விற்றிருக்கிறேன்.

ஆக, வந்திருக்க முடியுமா? முடியும். மிளகுக்காக ரோமானியக் கப்பல்கள் பருவக்காற்றில் முசிறிக்கு வந்துகொண்டிருந்த காலம். ஆனால் கப்பல் வந்தது என்பதை வைத்து ஆள் வந்தார் என்று கையெழுத்துப் போட முடியாது. 2006-இல் போப் பெனடிக்ட், தோமா மேற்கு இந்தியா வரை வந்தார், அங்கிருந்துதான் தெற்கே கிறிஸ்தவம் பரவியது என்கிற மாதிரிப் பேசப்போய், கேரளத்தில் பெரிய வருத்தமாகி, அச்சான உரையில் திருத்த வேண்டி வந்தது.

ஏன் இவ்வளவு வருத்தம்? எனக்கு ஒட்டாத இடம் இதுதான். கேரளத்தில் சில பழைய குடும்பங்கள், எங்கள் முன்னோர் தோமையாரிடமே ஞானஸ்நானம் பெற்ற நம்பூதிரிகள் என்கின்றன. இந்தப் பக்கம், அவர் வரவில்லை என்று நிரூபித்துவிட்டால் கிறிஸ்தவன் வெளியூர்க்காரன் ஆகிவிடுவான் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். சண்டை போடுகிற இருவருக்கும் உள்ளே ஒரே எண்ணம்தான்: முதலில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவனுக்கே ஊரில் பாத்தியம்.

நம் ஜில்லாவைப் பாருங்கள். முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றது 1530-களில். சவேரியார் வந்தது 1542-இல். முதலூர் உண்டானது 1799-இல். நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் இருந்து முந்நூறு வருடம் ஆகிறது. இவர்களில் யாருக்கும் இங்கே இருப்பதற்கு 52 என்ற வருடம் தேவைப்படவில்லை. வந்த வருடத்தை வைத்துத்தான் பாத்தியம் என்றால் கரிசலில் பாதிப் பேர் எழுந்து போக வேண்டியிருக்கும். கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். தெலுங்கு பேசிக்கொண்டு வந்து காடு திருத்தியவர்களிடம் யாரும் வருடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15 அன்று காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா திருவிழா. கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு சம்சாரியிடம், உங்கள் பாட்டன் பூட்டன் எந்த வருடம் வேதத்துக்கு வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இந்தப் புரட்டாசியிலாவது விதைப்புக்கு மழை பிடிக்குமா என்று அவர் உங்களைத் திருப்பிக் கேட்பார்.