பித்தளை வால்வும் எங்கட ஆக்களின்ரை சிக்கனமும்

பிரிட்ஜ்வாட்டர் எண்டால் எங்கட சனத்துக்கு வெங்கடேஸ்வரர் கோயில்தான். அந்தக் கோயில் கன்ரீனிலை தோசையோடை தொடங்கின வாக்குவாதம் இது.

போன மாசம் பழைய பத்தொன்பது அடி போட் ஒண்டு வாங்கினனான். ராரிட்டன் குடாவிலை மீன் பிடிக்கத்தான். அடியைப் பார்த்தால், தண்ணி மட்டத்துக்குக் கீழை வீட்டுக் குழாய்க்குப் பூட்டுற பித்தளை வால்வு. சுத்திவர குளியலறைச் சிலிக்கன். 'மாத்தவேணும்' எண்டன். கூட இருந்த தம்பி சிரிச்சார்: "அண்ணை, வால்வு வால்வுதானே. ஏன் காசைக் கரியாக்கிறியள்?"

இல்லைத் தம்பி. பித்தளையிலை துத்தநாகம் இருக்கு. உப்புத்தண்ணி அதை உறிஞ்சி எடுத்துப்போடும். மிச்சம் கடற்பஞ்சு மாதிரிச் செம்பு. பார்வைக்கு வால்வு, தட்டினால் உதிரும். சுரண்டிப் பாருங்கோ, உள்ளை இளஞ்சிவப்பெண்டால் கதை முடிஞ்சுது. கடலுக்கு வெண்கலம், இல்லாட்டி கண்ணாடி நார் கலந்த நைலோன். வெயிலிலை வெடிக்கிற மலிவு வெள்ளைப் பிளாஸ்ரிக் இல்லை.

புரியும் பொருந்தாது. போட்டிலை வாற குழாயின்ரை புரி நேர். வீட்டு வால்வின்ரை புரி கூம்பு. இரண்டு மூண்டு சுத்திலை இறுகி நிண்டிடும், நீங்கள் பூட்டியாச்செண்டு நினைப்பியள். அமெரிக்கப் படகுச் சங்கத்தின்ரை தரம், வால்விலை 500 றாத்தல் பாரத்தை 30 செக்கன் வைச்சாலும் அசையக்கூடாது எண்டுது. ஐரோப்பாக்காரர் 1994 இல் எழுதின தரமோ, ஐஞ்சு வருசம் தாங்கினால் போதும் எண்டது. ஆறாம் வருசம் ஆர் நீந்துறது?

சிலிக்கனுக்குப் பிடிப்பில்லை, அது தடவின இடத்திலை பிறகு வேறை ஒண்டும் ஒட்டாது. முழுக்கச் சுரண்டி, உரஞ்சி, பொலியூரதேன் பூசவேணும். அதிலையும் நிரந்தரப் பசை வேண்டாம், கழட்டேக்கை ஓடும் சேர்ந்து பிஞ்சு வரும். பிடிக்கிறது புரியின்ரை வேலை, பசை தண்ணியை மறிச்சால் காணும். வல்வெட்டித்துறையிலை கட்டின அன்னபூரணி 1938 இல் இந்த நாட்டுக் குளொஸ்ரர் துறைமுகம் மட்டும் வந்தது. கலப்பத்துப் பார்த்த மனிசர் கண்டதையும் அப்பிவிட்டிருந்தால் வந்திருக்குமோ?

"சின்ன ஓட்டைதானே" எண்டார் தம்பி. ஒரு அடி ஆழத்திலை ஒரு அங்குல ஓட்டையாலை நிமிசத்துக்கு எழுபது லீற்றர் வரை வரும். என்ரை பம்ப் புதுசாயிருந்தாலே முப்பதுதான் இறைக்கும்.

1990 இல் பேசாலையிலை இருந்து ராமேஸ்வரத்துக்கு ஏறின வள்ளத்திலையும் சின்ன ஓட்டைதான். தண்ணி திறந்துவிடுற அடிக்கட்டை துலைஞ்சுபோச்செண்டு, ஓட்டி சாரத்துண்டு ஒண்டைத் திணிச்சு வைச்சிருந்தவன். பாதிக் கடலிலை அது கழண்டுது. அம்மா குதிக்காலாலை அமத்திப் பிடிச்சபடி விடியுமட்டும் இருந்தவ. நாங்கள் வாளியாலை இறைச்சம். கரையிலை இறங்கேக்கை அவவின்ரை கால் நிமிரேல்லை.

தம்பிக்கு இதைச் சொல்லேல்லை. தோசைக் காசை நான்தான் குடுத்தனான்.

வாற சனிக்கிழமை கழட்டப்போறன். வெண்கல வால்வு வாங்கியாச்சு. விலையைக் கேக்காதேங்கோ.