புகைக்கு ஓர் உச்சவரம்பு

நாட்டிலுள்ள 282 ஆலைகளின் புகைக்கு இலக்கு நிர்ணயித்து மத்திய அரசு 2025 அக்டோபரில் விதிகளை வெளியிட்டது. சிமெண்ட், அலுமினியம், குளோர்-ஆல்கலி, காகிதம் என நான்கு துறைகள். அவற்றில் சிமெண்ட் ஆலைகள் மட்டும் 186. இலக்கைத் தாண்டிக் குறைத்துக் காட்டும் ஆலைக்குக் கார்பன் கிரெடிட் கிடைக்கும். எட்டாத ஆலை அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். இந்தியாவுக்கும் கார்பன் சந்தை வந்துவிட்டது என்று வணிகப் பக்கங்களில் ஒரே கொண்டாட்டம். விதிகளைப் படித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஓராண்டில் மொத்தம் இத்தனை டன்னுக்கு மேல் எந்த ஆலையும் புகை விடக் கூடாது என்று ஒரு வரிகூட அதில் கிடையாது.

இருப்பதெல்லாம் விகிதம்தான். ஒரு டன் சரக்குக்கு இத்தனை கரியமில வாயு, அவ்வளவே. ஓர் ஆலை ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் சிமெண்ட் செய்கிறது, டன்னுக்கு 700 கிலோ கரியமில வாயு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏழு லட்சம் டன். அதே ஆலை விரிவாக்கம் செய்து இருபது லட்சம் டன் சிமெண்ட் எடுக்கிறது, டன்னுக்கு 650 கிலோவாகக் குறைத்தும் காட்டுகிறது. இப்போது மொத்தம் பதின்மூன்று லட்சம் டன். வானத்துக்குப் போவது கிட்டத்தட்ட இரட்டிப்பு. இலக்கு 650-க்கு மேலே இருந்துவிட்டால் ஆலைக்குக் கிரெடிட்டும் சேரும், அதை விற்றுக் காசும் பார்க்கலாம்.

இது கற்பனைக் கணக்கு என்று ஒதுக்குகிறவர்கள் நாட்டின் உண்மைக் கணக்கைப் பார்க்கட்டும். 2005-க்கும் 2019-க்கும் இடையே நம் பொருளாதாரத்தின் புகை விகிதத்தை 33 சதவீதம் குறைத்துவிட்டோம் என்று உலக அரங்கில் மார்தட்டினோம். அது பொய்யில்லை. ஆனால் இதே அரசு ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கைகளில் மொத்தக் கணக்கும் இருக்கிறது. காடுகள் உறிஞ்சுவதைக் கழிக்காமல் பார்த்தால், 2010-ல் 213.7 கோடி டன். 2019-ல் 313.2 கோடி டன். ஒன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 47 சதவீதம் கூடியிருக்கிறது! விகிதம் இறங்கியது, மொத்தம் ஏறியது. 33, 47 என்ற இந்த இரண்டு எண்களைத்தான் நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழைக்கும் வெயிலுக்கும் விகிதம் தெரியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, ஒரு ரூபாய் உற்பத்திக்கு நாம் எவ்வளவு புகை விட்டோம் என்று பார்த்தா அது கொட்டியது?

இந்தக் கணக்கு மயக்கம் டெல்லியோடு நிற்கவில்லை. விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையத்தை 2041-க்குள் கரியமிலச் சமநிலை நகராக்கப் போகிறோம் என்று ஒரு செயல்திட்டம் வகுத்திருக்கிறார்கள். நல்ல நோக்கம், நல்ல மனிதர்கள். தெருவிளக்கு, கூரைமேல் சூரிய மின்சாரம், குப்பை, பேருந்து எல்லாவற்றையும் இத்தகைய திட்டங்கள் கணக்கில் எடுக்கும். நகர எல்லைக் கோட்டுக்குள் நடப்பதை எண்ணுவதுதான் இவற்றின் வழக்கம். இராஜபாளையத்தின் பொருளாதாரம் அந்தக் கோட்டுக்குள் என்றைக்கு அடங்கியது?

ராம்கோ சிமெண்ட்ஸின் பதிவு அலுவலகம் இருப்பது இராஜபாளையத்தில். சூளைகள் இருப்பதோ விருதுநகரை அடுத்த ராமசாமி ராஜா நகரிலும், அரியலூர்ப் பக்கத்திலும், ஆந்திரத்திலும். கல் வெட்டும் குழிகள் பந்தல்குடி போன்ற ஊர்களில். குறை சொல்வதற்காக ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடிக்கவில்லை. அரசே 1970-ல் ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை தொடங்கிய மாவட்டம் இது. சுண்ணாம்புக்கல்லின் இயல்பே அப்படி. நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். நிலக்கரிக்குப் பதில் எதை எரித்தாலும், காற்றாலை மின்சாரத்தில் ஆலையை ஓட்டினாலும், இந்த 44 குறையாது. ஏனெனில் அது அடுப்பிலிருந்து வரவில்லை, கல்லுக்குள்ளிருந்து வருகிறது. சிமெண்டின் புகையைக் குறைக்க நிச்சயமான வழி, சிமெண்டைக் குறைப்பது. இதை எந்தச் செயல்திட்டமாவது எழுதத் துணியுமா?

நூற்பாலைகளுக்கு வருவோம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கியபோது சுற்றிலும் கரிசல் காடு, அதில் மானாவாரிப் பருத்தி. கருங்கண்ணி என்ற நாட்டு ரகம் தண்ணீர் பாய்ச்சாமலே விளையும். இன்று மெல்லிய ரக நூலுக்குப் பருத்தி எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. கருங்கண்ணி விளைந்த காடுகளில் பல சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பருத்தி இறக்குமதி மீதான 11 சதவீத வரியையும் அந்த ஆண்டின் இறுதி வரை தற்காலிகமாகத் தூக்கியது. கடல் கடந்து வரும் அந்தப் பருத்தியின் புகை யார் கணக்கு? இராஜபாளையத்தின் கணக்கில் வராது. எகிப்தின் கணக்கிலும் கப்பல் புகை வராது.

தென்மாவட்ட ஆலைகள் பல முப்பந்தல், தென்காசிப் பக்கங்களில் காற்றாலை வைத்திருக்கின்றன. பாராட்ட வேண்டிய காரியம். அந்த மலிவு மின்சாரம் என்ன செய்தது? பழைய நூற்புக் கதிர்களை ஓட்டியதோடு நிற்காமல் புதுக் கதிர்களையும் சேர்க்க வைத்தது. சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று 1865-லேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் எழுதினார். நம் பசுமைப் பொருளாதார நிபுணர்கள் இன்னும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குப் போய் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நின்று பாருங்கள். பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். விரலை அடியில் வைத்தால் மேலே ரேகை தெரியும், அவ்வளவு இடைவெளி விட்ட நெசவு. தறிச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெய்த துணி வெளுப்புக்குப் போகிறது, அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். வெளுத்து, வெட்டி, சுருட்டி, உலகின் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு முறை காயத்தைச் சுற்றிவிட்டுக் குப்பைக்குப் போகிறது. புண்ணுக்குக் கட்டும் துணி வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கூலி உயர்வுக்காக மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்யும் அந்தத் தறித் தொழிலாளியையும், கதிர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் ஆலை முதலாளியையும் ஒரே தட்டில் போட்டுச் சராசரி எடுத்து, இந்தியனின் தலைக்குப் புகை குறைவு என்று வாதாடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வெளிநாட்டுக்காரனிடம் நியாயம் கேட்கும்போது ஏழையின் தலையை எண்ணிக் காட்டுகிறோம். உள்நாட்டில் அந்த ஏழைக்கு என்ன பங்கு என்று கேட்டால் பதில் இல்லை.

தண்ணீர்க் கணக்கும் இதே கதைதான். அய்யனார் கோவில் பக்கம் மலையிறங்கும் ஆறும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் ஒரு காலத்தில் இராஜபாளையத்துக்குப் போதுமானதாக இருந்தன. இன்று தாமிரபரணியிலிருந்து குழாய் போட வேண்டியிருக்கிறது. தன் ஆற்றை மிஞ்சி வளர்ந்த ஊர் இன்னோர் ஆற்றைத் தேடுகிறது. அந்த ஆறும் போதாதபோது? மேலே மலையில் 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து நிற்கிறது. சாம்பல் நிற அணிலும் யானையும் வாழும் அந்தக் காட்டைக் காட்டி, இத்தனை டன் உறிஞ்சுகிறது என்று எழுதி, கீழே விடும் புகைக்கு ஈடுகட்டும் நாள் தூரத்தில் இல்லை. காடு நம் புகைக்குப் பிணை நிற்பதற்காக வளரவில்லை.

இதற்கெல்லாம் மாற்றுச் சிந்தனை அமெரிக்காவிலிருந்து வர வேண்டும் என்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில்தான் டி.கல்லுப்பட்டி இருக்கிறது. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் தணிக்கையாளராகத் தேர்ந்து, கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். தணிக்கையாளர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதலை எடுத்துச் செலவழித்துவிட்டு வருமானம் என்று எழுதினால் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போட மாட்டார். நிலக்கரி, எண்ணெய், கனிமம் எல்லாம் எடுக்க எடுக்கத் தீரும் இருப்பு. ஓடும் ஆறும் வளரும் மரமும் தொடரும் வரவு. இருப்பின் மேல் கட்டிய பொருளாதாரம் நிலைக்காது, வரவின் மேல் கட்டுவதே நிலைக்கும் என்பதுதான் அவர் 1945-ல் ஜபல்பூர் சிறையில் எழுதிய நூலின் சாரம். புவி வெப்பமாதல் என்ற பேச்சே அரசியலில் இல்லாத காலம் அது.

அதே குமரப்பாதான் காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவர். ஒரு குடும்பம் இவ்வளவு நிலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 1949 அறிக்கையில் பரிந்துரைத்தார்கள். தமிழ்நாட்டில் 1961-ல் சட்டம் வந்தது: ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர். 1970-ல் அதுவே 15 ஆனது. அந்தச் சட்டம் மண்ணின் தரத்தை வைத்து நிலத்தின் அளவைத்தான் கேட்டது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை விளைகிறது, நீ திறமையான விவசாயியா என்று விகிதம் பார்த்து யாருக்கும் சலுகை கொடுக்கவில்லை. நிலத்துக்கு உச்சவரம்பு வைக்க முடிந்த அரசுக்குப் புகைக்கு உச்சவரம்பு வைக்க ஏன் கை நடுங்குகிறது?

பினாமி பெயரில் ஏய்த்தார்களே என்பார்கள். ஏய்த்தார்கள்தான். ஆனால் அளவுக்கு மேல் வைத்திருப்பது குற்றம் என்பது ஊருக்கே தெரிந்தது. இன்று அளவே இல்லாததால் குற்றமும் இல்லை. வளர்ச்சி நின்றுவிடும் என்பது அடுத்த கூப்பாடு. சூரத்தைப் பாருங்கள். 2019-ல் அங்கே பெரும்பாலும் ஜவுளி ஆலைகளைச் சேர்த்து, புகைத்தூசிக்கு மொத்த உச்சவரம்பு வைத்து, அதற்குள் ஆலைகள் வாங்கி விற்கட்டும் என்று விட்டார்கள். அந்தச் சந்தையில் சேர்ந்த ஆலைகளின் தூசி, சேராத ஆலைகளைவிட 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. ஐரோப்பாவில் 2005-ல் தொடங்கிய கார்பன் சந்தையில் மொத்த வரம்பு இருக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. அதில் வரும் ஆலைகளின், மின்நிலையங்களின் புகை 2023-க்குள் ஏறக்குறைய 47 சதவீதம் குறைந்தது. அங்கே 47 இறங்கியது, இங்கே 47 ஏறியது. வேறு காரணங்களும் உண்டுதான், ஆனால் ஓரிடத்தில் வரம்பு இருந்தது, இன்னோரிடத்தில் இல்லை என்பதை மறக்க முடியாது.

அந்த வரம்பை இங்கேயே தொடங்கலாம். விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். ஆண்டுக்கு எத்தனை டன் புகை, எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற இரண்டு எண்களையும் அதோடு சேர்த்து எழுதட்டும். அந்த எண்கள் ஆண்டுதோறும் இறங்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனை போடட்டும். மீறினால் மின் இணைப்பைத் துண்டிக்கட்டும். முதல் ஆலைக்கு அனுமதி கையெழுத்தாகும் முன் இதைச் செய்ய வேண்டும். மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் இதைக் கேட்க வேண்டும்; அவர்கள் கேட்காவிட்டால் வாக்காளர்கள் அவர்களைக் கேட்க வேண்டும்.