கோணல் நிமிர்த்தும் கல்வி

கைத்தொழிலைக் கல்வியின் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைப்பது நம்மவரின் நெடுங்கால வழக்கம். பாடநூலில் உள்ளது அறிவு, பட்டறையில் உள்ளது பிழைப்பு என்று பிரித்துவிட்டோம். இப்பிரிவினை பொருந்தாது என்பதற்கு மோட்டார் சைக்கிளின் கம்பிச் சில்லு நல்ல சான்று.

மாட்டு வண்டிச் சில்லின் மரக்கால்கள் தூண்போல் நின்று பாரம் தாங்குவன. கம்பிச் சில்லின் இயல்பு வேறு. மெல்லிய கம்பி அழுத்தினால் வளைந்துவிடும். இழுத்தாலோ பெரும்பலம் காட்டும். ஆதலின் எல்லாக் கம்பிகளையும் முன்னரே இழுத்து முறுக்கி வைக்கிறோம். பாரம் ஏறும்போது நிலத்தை நோக்கிய கம்பிகளில் இழுவிசை குறைகிறது, அற்றுப்போவதில்லை. கம்பிகளைச் சாய்த்து ஒன்றையொன்று குறுக்கிடக் கோக்கும் முறைக்கு ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்றார். எஞ்சின் உந்தும்போது ஒரு பாதிக் கம்பிகளும், பிறேக் பிடிக்கும்போது மறுபாதியும் கூடுதலாக இழுபடுகின்றன.

வீட்டு முற்றத்திலேயே இதனைச் செய்து பார்க்கலாம். பழைய கம்பிகளைக் கழற்றுமுன் அவை குறுக்கிடும் ஒழுங்கையும், குடத்திலிருந்து றிம் எவ்வளவு விலகி நிற்கிறதென்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 36 கம்பிகளாயின் ஒன்பது ஒன்பதாக நான்கு கூட்டம். உட்கம்பியும் வெளிக்கம்பியும் மாறலாகாது. நிப்பிள்களை ஒரே அளவாகத் திருகிய பின் சில்லை அச்சில் ஏற்றி, றிம்மின் அருகே ஒரு குச்சியைக் கட்டிச் சுழற்றினால் குறை தானே தெரியும். றிம் வலப்புறம் ஒதுங்கினால் அவ்விடத்து வலக்கம்பியைச் சற்றுத் தளர்த்தி இடக்கம்பியை இறுக்குக. மேலெழுந்து நின்றால் இருபுறமும் இறுக்குக. அரைச் சுற்றுக்கு மேல் ஒருமுறையில் திருகுதல் ஆகாது; ஒரு கம்பியின் மாற்றத்தை அயற்கம்பிகளும் உணரும். தட்டிப் பார்த்தால் இறுகிய கம்பி கணீரென ஒலிக்கும். தளர்ந்தது மழுங்கி ஒலிக்கும். வீதிக்கு ஏறுமுன் கைதேர்ந்தவர் ஒருவரிடம் காட்டுதல் அறிவுடைமை.

இழுவிசையின் சமநிலை வல்வெட்டித்துறைக்குப் புதிதன்று. பாய்மரத்தை நிமிர்ந்து நிற்கச் செய்வன இருமருங்கும் இழுத்துக் கட்டிய கயிறுகளே அன்றோ! இவ்வூரில் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கப்பல்கள் இன்று இங்கே கட்டப்படுவதில்லை. பெருமையைப் பேசுகிறோம், பலகை வளைத்த கையின் அறிவைப் பள்ளிப் பாடமாக்கினோமில்லை. கை ஓய்ந்தபோது அறிவும் உடன் ஓய்ந்தது.

வார்ப்புச் சில்லுகள் பெருகிவரும் இந்நாளில் கம்பி கோக்கக் கற்பது வீண் என்பர் சிலர். எரிபொருள் தடைப்பட்ட 1990களில் குடாநாட்டைச் சுமந்தவை சைக்கிளின் கம்பிச் சில்லுகளே என்பதை அவர்கள் மறத்தல் கூடாது. அந்நாளில் கோணல் எடுக்கத் தெரிந்தவரின் கைத்திறனே பலரின் பயணத்தைக் காத்தது. மேலும், வேண்டுவது கம்பி மட்டுமன்று. குறையைக் கண்டு, காரணம் தேடி, சிறிது திருத்தி, மீண்டும் சோதிக்கும் பழக்கம் எத்தொழிலுக்கும் உதவும்.

பழந்தமிழர் தேர்ச்சில்லின் உறுப்புகளுக்குக் குறடு, ஆர், சூட்டு என்று பெயரிட்டு வழங்கினர். பெயர்களைப் புலவர் காத்தனர். தொழிலின் நுட்பத்தை எழுதிவைப்பார் அருகினர். இனியேனும் அக்குறை நீங்க வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் கோணிய சில்லொன்றை வகுப்பிற்குக் கொண்டுவரட்டும். ஊரிலுள்ள திருத்துநரை அழைத்து மரியாதையுடன் முன்னே அமர்த்தட்டும். மாணவர் தாமும் திருகிப் பார்த்து, கண்டதைப் பிழையற்ற தமிழில் எழுதட்டும். அவ்வேடுகளைப் பாடசாலை நூலகத்தில் வைத்தால், அடுத்த தலைமுறை கற்பதற்குத் தமிழில் ஒரு நூலேனும் இருக்கும்.