பித்தளைன்னு நினைச்சுடாதீங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இன்பிளான்ட் டிரெயினிங் கிளம்பப் போற மெக்கானிக்கல் மக்களே! டூல் ரூம்ல பளபளன்னு ஒரு ராடு கண்ல பட்டா, பித்தளைன்னு விட்டுடாதீங்க. லேபிளைப் படிங்க. 'பெரிலியம் காப்பர்'னு இருந்தா, அது வேற ஆளு.

தாமிரத்துல சுமார் 2 சதவீதம் பெரிலியம் கலந்து, ஹீட் ட்ரீட் பண்ணிட்டா ஸ்டீலுக்கே சவால் விடும். கரன்ட்டையும் கடத்தும், ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சு நிமிரும். கனெக்டர்லயும் பிளாஸ்டிக் மோல்டுலயும் இருக்கும். தட்டினா தீப்பொறி பறக்காதுங்கறதால, கேஸ் புழங்குற இடங்கள்ல ஸ்பானர், சுத்தியல்கூட இதுல உண்டு. விலை? சாதா தாமிரம் பக்கத்துலயே நிக்க முடியாது.

ராடைக் கையில எடுத்துப் பார்க்கலாம், ஒண்ணும் ஆகாது. வில்லன் அதோட தூசியும் புகையும்தான். கிரைண்டிங், பாலிஷிங், வெல்டிங்னு கிளம்புற தூசி மூச்சோட உள்ளே போனா, சிலருக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா தழும்பேறிப் போகும். வேலையை விட்டுப் பல வருஷம் கழிச்சும் வரலாம்.

1940கள்ல அமெரிக்காவுல இருக்கற சேலத்துல (நம்ம மாம்பழ சேலம் இல்ல பாஸ்!) டியூப்லைட் உள்ளே பூசுற பவுடர்ல பெரிலியம் இருந்துச்சு. அந்த ஃபேக்டரியில வேலை பார்த்த இளம்பெண்கள் பலருக்கு மூச்சுத் திணறல். சிலர் இறந்தே போனாங்க. 1949லதான் அந்தப் பவுடரைக் கைவிட்டாங்க. 2017ல அமெரிக்கா வெச்ச வரம்பு, 8 மணி நேர சராசரியா, ஒரு கன மீட்டர் காத்துல வெறும் 0.2 மைக்ரோகிராம்.

அதனால, "ஒரு நிமிஷம் கிரைண்டர்ல தேய்ச்சுக் குடு தம்பி"ன்னு யாராவது நீட்டினா, "தூசியை இழுக்குற எக்ஸாஸ்ட் எங்கண்ணே?"ன்னு கேளுங்க. கர்ச்சீப் கட்டினா பத்தாது. விழுந்த தூசியைக் கம்ப்ரஸர் காத்தால ஊதவே ஊதாதீங்க. அதே சட்டையோட ஹாஸ்டல் மெஸ்ஸுக்கும் போயிடாதீங்க.