“அறிவியலாளர் கண்டறிந்தனர்” என்பது விடையன்று!



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் விண்மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, “யாருமே போய்ப் பார்க்காத விண்மீனுக்கு வயது எப்படித் தெரியும், ஐயா?” என்று வினவினாள். “அறிவியலாளர் கண்டறிந்துள்ளனர்” என்று கூறி அவளை அமர வைத்துவிட்டேன்.

அன்றிரவு எனக்கே வெட்கமாக இருந்தது. “பெரியவர்கள் சொன்னார்கள், நம்பு” என்பதற்கும் என் விடைக்கும் என்ன வேறுபாடு?

ஆசிரியர் அறையில் இதனைச் சொன்னபோது, “தேர்வில் வராததற்கு ஏன் மெனக்கெட வேண்டும்?” என்றார் ஒருவர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. அந்த மனப்பான்மை மட்டும் இன்னும் அகலவில்லை!

அம்மாணவிக்கு உரிய விடை இதுதான். இரவுச் சந்தையில் தர்ப்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். அறுக்காமலே உள்ளிருப்பதை ஓசை உணர்த்துகிறது. கதிரவனும் இடையறாது அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் மேலடுக்கில் கொதித்துப் புரளும் வாயுவே அதனைத் தட்டும் கை. கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 நிமிடத்திற்கு ஒருமுறை ஏறி இறங்குவதை, 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் லேட்டனும் அவர்தம் குழுவினரும் கண்டனர்.

வெற்றிடத்தைக் கடந்து ஒலி வாராது. ஆயினும், அதிர்வினால் விண்மீனின் ஒளி கூடிக் குறையும். அதுவும் பத்து இலட்சத்தில் சில பங்கு மட்டுமே. 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி அதனையும் அளந்தது. அதிர்வெண்கள் சீரான இடைவெளியில் அமைகின்றன. பெரிய இடைவெளி விண்மீனின் சராசரி அடர்த்தியைக் காட்டும். சிறிய இடைவெளி, அதன் மையத்தில் ஹைட்ரஜன் எவ்வளவு தீர்ந்துள்ளது என்பதற்குக் குறிப்புத் தரும். இவற்றைக் கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டு, பிழை எல்லையுடன் வயதைக் கணிக்கின்றனர்.

சிக்னசு எனும் அன்னப்பறவை விண்மீன் குழுவில், ஏறத்தாழ 70 ஒளியாண்டுத் தொலைவில், கதிரவனை ஒத்த இரு விண்மீன்கள் உள்ளன. அவற்றின் பெயர் 16 சிக்னி ஏ, 16 சிக்னி பி. தனித்தனியே கணித்தபோது, இரண்டிற்கும் ஏறத்தாழ 700 கோடி ஆண்டு என்றே விடை வந்தது. ஒன்றாய்ப் பிறந்த இரட்டையர்க்கு ஒரே வயதுதானே இருக்க வேண்டும்! இம்முறைக்கு இது நற்சான்றன்றோ?

“தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளங்குமா?” என்பார் உளர். மறுவாரம் ஒரே மாதிரியான இரு கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவில் நீர் ஊற்றிக் கரண்டியால் தட்டினேன். நீர் மிகுந்த குவளை தாழ்ந்த ஓசை தந்தது. பின்னர், முதுகைத் திருப்பி நின்றவாறே, எதில் நீர் அதிகம் என்று அதே மாணவி சரியாகச் சொன்னாள். விளங்காதது பிள்ளைகளுக்கன்று, விளக்க முயலாதது நாம்தான்.

எண்களை மனனம் செய்விப்பது அறிவியல் ஆகாது. “எப்படித் தெரியும்?” என்ற வினாவே அறிவியல். பள்ளியிலோ வீட்டிலோ அவ்வினாவை அமர வைக்காதீர்கள். விடை தெரியாவிடில், “நாளை தேடிச் சொல்கிறேன்” என்று கூறுங்கள். அதில் இழுக்கேதும் இல்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.