ஆப்ஷனும் தெரிவும்



மறைமலை நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: 'ஆப்ஷன்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? பிள்ளையின் வினாத்தாளிலும் கைப்பேசியிலும் வீட்டுப் பேச்சிலும் அந்த ஒரு சொல்தான் ஓடுகிறதாம். இந்தக் கேள்வி அந்த ஊரிலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற பெயரை மறைமலை என்றும், 'ஞானசாகரம்' என்ற தம் இதழை 'அறிவுக்கடல்' என்றும் மாற்றியவரின் பெயர் தாங்கிய ஊர் அல்லவா!

'தேர்வு' பொருத்தமானதுதான். ஆனால் தமிழ்நாட்டில் தேர்வு என்றதும் ஹால் டிக்கெட்தான் கண்முன் வருகிறது. 'விருப்பம்' என்பது விருப்பப் பாடத்திலும் விருப்ப ஓய்விலும் நன்றாக ஊன்றிவிட்டது. அங்கே அதை அசைக்க வேண்டாம். ஆனால் வினாத்தாளில் தரும் நான்கு விடைகளில் மூன்று தவறானவை. அவற்றை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

ஈழத்தமிழர்கள் இதற்கு நெடுங்காலமாக 'தெரிவு' என்கிறார்கள். தேர்தலில் வென்றவரையும் 'தெரிவானார்' என்றே எழுதுவார்கள். தெரிதல் என்றால் ஆராய்ந்து எடுத்தல். 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று திருக்குறள் அதிகாரங்களின் பெயரிலேயே அது இருக்கிறது. நம் சொத்து; இங்கே நாம்தான் எடுத்துப் புழங்காமல் விட்டோம்.

ஈழத்தமிழர் பலர் குடியேறிய நார்வேயிலும் தெரிவும் தேர்தலும் இப்படியே ஒன்றுசேர்கின்றன. அந்நாட்டு மொழியில் 'வல்க்' என்ற ஒரே சொல் தெரிவையும் குறிக்கும், தேர்தலையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஹம்சாயினி குணரத்தினம் 2021இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தெரிவானதை, இரு மொழியிலும் ஒரே பொருள்வேரிலிருந்து சொல்லிவிடலாம். ஆனாலும் கணினியில் 'ஆப்ஷன்ஸ்' வரும் இடத்தில் நார்வேக்காரர்கள் பெரும்பாலும் 'ஆல்டர்னடீவர்' என்று போடுகிறார்கள். தேர்தலை நினைவூட்டாத சொல் அங்கே தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு சொல்லை எல்லா இடத்துக்கும் இழுக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

தாம்பரம் புடவைக் கடையில் 'வேற தினுசு காட்டுங்க' என்று கேட்பவருக்கு ஆப்ஷனே வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்தில் 'வேற வண்டி இருக்கா?' போதும். எழுத்தில்தான் இடர்ப்படுகிறோம்.

எனவே அடுத்த இதழிலிருந்து நம் சிறுவர் பகுதி வினாக்களில் 'நான்கு தெரிவுகள்' என்றே அச்சிடுவோம். பிள்ளைகள் அதை எப்படி வாசித்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்