டிராகனுக்கு விட்ட வழி

ஹாங்காங்கின் ரிபல்ஸ் பே கடற்கரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுவே பல மாடி உயரத்துக்குப் பெரிய துளை இருக்கிறது. பின்னாலுள்ள மலையிலிருந்து டிராகன் கடலுக்கு இறங்கிவர விட்ட வழி அது என்பது ஊர்ப் பேச்சு. நகர மையத்தில் 1990-இல் திறக்கப்பட்ட பாங்க் ஆஃப் சைனா கோபுரத்தின் கூர்விளிம்புகள் அக்கம்பக்கத்தைக் கத்தியாய் வெட்டுகின்றன என்றார்கள், அருகே எச்.எஸ்.பி.சி. கட்டடத்தின் உச்சியில் இருக்கும் பராமரிப்புக் கிரேன்களை அதற்குப் பதிலடியான பீரங்கிகள் என்றார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சுகளுக்கெல்லாம் அடிப்படையான சீனக் கட்டட சாத்திரத்தின் பெயர் ஃபெங் சுயி; ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். கத்தியிலும் பீரங்கியிலும் இரண்டுமே இல்லை.

தொடக்கத்தில் இருந்தன. குளிர்காலத்தில் வடசீனத்தின் மீது சைபீரியப் பக்கமிருந்து உறைகுளிர்க் காற்று வீசும். பின்னால் மலை இருந்தால் அது தடுக்கும். பெய்ஜிங்கில் டிசம்பர் கடைசியில் உச்சிவெயிலே சுமார் 27 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு பார்த்த அறைக்குள் அது ஆழமாக நுழையும். ஜூனில் 73 டிகிரிக்கு ஏறும் வெயிலைத் தாழ்வாரமே மறைத்துவிடும். அங்குள்ள பழைய முற்றத்து வீடுகளில் பெரியவர்களின் அறை தெற்கு பார்த்து அமைந்தது இதனால்தான். ஆக, ஃபெங் சுயியை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அவசரம். அது ஒரு நிலத்தின் கேள்விக்குக் கிடைத்த விடை. கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் ஊர் ஊராக எடுத்துச் செல்வதுதான் கோளாறு.

டிஸ்னி நிறுவனமே ஹாங்காங் பூங்காவின் வாசலை 12 டிகிரி திருப்பி அமைத்ததே என்று கேட்கலாம். வாடிக்கையாளரின் மனநிம்மதிக்கு மதிப்புக் கொடுப்பது நல்ல வணிகம். கட்டடம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. சான்று வேண்டுமென்றால் 2003-ஐப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற ஒரே குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோரை சார்ஸ் நோய் தாக்கியது. குளியலறைத் தரைக்குழாய்களில் தேங்கி நிற்க வேண்டிய நீர் வற்றிப்போனதும், அந்த வழியாகக் கழிவுக்காற்று வீட்டுக்குள் ஏறியதும் முக்கியக் காரணங்கள் என்று விசாரணையில் தெரிந்தது. நீரும் காற்றும்தான்! மதில்போல் நெருங்கி நிற்கும் கோபுரங்கள் தெருக்காற்றை அடைப்பதும் அதன்பின் அரசின் கவனத்துக்கு வந்தது. 2006 முதல் பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது; காற்றுச் சுரங்கத்திலோ கணினியிலோ மாதிரியை வைத்துச் சோதிக்கிறார்கள். ரிபல்ஸ் பே துளை வழியாகவும் காற்று போகும், மறுக்கவில்லை. ஆனால் துளை எங்கே, எவ்வளவு அகலம் என்பதை டிராகன் சொல்லாது, அளவீடுதான் சொல்லும்.

ஃபெங் சுயி பெயரில் சிரிக்கும் புத்தரும் அதிர்ஷ்ட மூங்கிலும் (அது மூங்கிலே அல்ல, ஆப்பிரிக்கச் செடி) நம் ஊர்க் கடைகளிலும் விற்கின்றன. பிடித்தால் வாங்கி வையுங்கள். ஆனால் வீட்டு வரைபடத்தில் கையெழுத்திடும் முன், மே மாதப் பிற்பகலில் மனையில் சற்று நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.